சின்ன வண்டி

ஜூன் 3, திங்கள்

எதற்கெல்லாம் கோபம் வந்தது என்று தினமும் எழுத வேண்டுமாம். டாக்டர் ரூபாவதி சொல்லிவிட்டார். எழுதினால் குறையுமாம். அவர் அறையில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே பேசச் சொன்னார். நான் பம்ப் செய்து விற்கிறவள். அந்தத் தொட்டிக்குப் போட்டிருக்கும் மோட்டார் தப்பான அளவு. அதைச் சொன்னேன். அதையும் குறித்துக்கொண்டார்.

முதல் பக்கத்தில் என்னைப் பற்றி எழுத வேண்டும். கோகிலவாணி, நாற்பத்தெட்டு வயது. ஆவாரம்பாளையத்தில் பம்ப் கம்பெனி, ராமநாதபுரத்தில் வீடு. கணவர் தண்டபாணி, கம்பெனியின் கணக்கு வழக்கைப் பார்க்கிறார். இந்தக் கோயமுத்தூரில் கார் ஓட்டவே கற்றுக்கொள்ளாமல் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். மகள் சம்யுக்தா, பன்னிரண்டாம் வகுப்பு.

ஏப்ரலில் ரோட்டில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து அவள் என் காரில் ஏறுவதில்லை. போன வாரம் சாப்பாட்டு மேசையில் மூன்று நிபந்தனை போட்டாள். நான் டாக்டரைப் பார்க்க வேண்டும், அவர் சொல்வதைச் செய்ய வேண்டும், காரை விற்றுவிட்டுச் சின்ன வண்டி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள். பதினேழு வயது. அவள் அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு ரசம் சோற்றைப் பிசைந்தார்.

வாக்குக் கொடுத்துவிட்டேன். இன்று கோபம் வந்தது பதினோரு தடவை.

ஜூன் 4, செவ்வாய்

ஒன்பது தடவை. அதில் நாலு, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரால்.

ஜூன் 6, வியாழன்

கார் பார்க்க ஒருவர் வந்தார். வந்தவர் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தண்டபாணியிடம் போய் எஞ்சினைப் பற்றிக் கேட்டார். தண்டபாணி என்னைக் கை காட்டினார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே, “மேடம் ஓட்டறதுக்கா சார் இது?” என்றார். கேட்டைத் திறந்து அனுப்பிவிட்டேன்.

கார் நீல நிறம். இரண்டு கதவு, எட்டு சிலிண்டர். சாவியைத் திருப்பினால் தெருமுனையில் படுத்திருக்கும் நாய் எழுந்து நிற்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் முதல் ஏற்றுமதி ஆர்டர் கிடைத்தபோது வாங்கினேன். என் கணவரின் அண்ணன் குழந்தைவேலு வக்கீல். அவர் வீட்டுக்கு வந்து, பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு வேகம் என்று தம்பியிடம் கேட்டார். அடுத்த நாள் அவர் கோர்ட் வாசல் வழியாக இரண்டு முறை போய் வந்தேன்.

பம்புக்கு வார்ப்பு வாங்கப் பதினெட்டு வருடம் ஸ்கூட்டரில் ஃபவுண்டரிகளுக்கு அலைந்தேன். பஸ்காரன் ஓரத்துக்குத் தள்ளுவான், கார்க்காரன் ஜன்னலை இறக்கித் திட்டுவான். இந்தக் காரில் ஏறிய பிறகு ஒருவனும் என்னைத் தள்ளியதில்லை. கண்ணாடியில் பார்த்ததும் ஒதுங்குவான். அதை விற்கச் சொல்லித்தான் எல்லோரும் சேர்ந்து என்னை நெருக்குகிறார்கள்.

ஜூன் 8, சனி

பழைய சொகுசுக் கார்கள் விற்கும் இம்தியாஸ் இடத்துக்குப் போனேன். என் காரை எடுத்துக்கொண்டு வேறு கார் தருவார். சின்ன வண்டி வேண்டும் என்றதும் அவர் முகத்தில் துக்கம் விசாரிக்கிற பாவம் வந்தது. இரண்டு மூன்று காட்டினார். எல்லாம் மிக்ஸி மாதிரி சத்தம் போட்டன.

பிறகு பின்பக்கம் கூட்டிப் போனார். வெள்ளை நிற ஹேட்ச்பேக். ஐந்து கதவு. மளிகைக் கடை வாசலில் நிற்கிற எந்த வண்டியைப் போலவும் இருந்தது.

“பாக்கத்தான் மேடம் அடக்கமா இருக்கும். கால வெச்சுப் பாருங்க” என்றார்.

சத்தி ரோட்டில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது கியரிலேயே முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. பழைய காரில் பாதி எடைதான் இருக்கும். வளைவில் அதைவிட நன்றாகத் திரும்புகிறது. இம்தியாஸ் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

சின்ன வண்டி என்றுதானே கேட்டாள்? இது சின்ன வண்டிதான். அளந்து பார்த்தேன். நாலே கால் மீட்டருக்கும் குறைவு.

பின்னால் அந்த எஞ்சினின் பெயர் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னேன். பார்க்க அசிங்கமாக இருந்தது.

ஜூன் 10, திங்கள்

நீலக் காரைக் கொடுத்துவிட்டு வெள்ளைக் காரை ஓட்டி வந்தேன். காகிதத்தில் என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதற்கு இம்தியாஸின் அலுவலகப் பெண்ணை அரை மணி நேரம் திட்டினேன். அந்தப் பெண் அழுதாள். எதற்கு அழ வேண்டும்?

மாலையில் சம்யுக்தா வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். “தேங்க்ஸ்மா” என்றாள். ஏப்ரலுக்குப் பிறகு முதல் முறையாக முன் சீட்டில் உட்கார்ந்தாள். சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குப் போய்ச் சுரைக்காயும் கீரையும் வாங்கி வந்தோம். நாற்பதுக்கு மேல் போகவில்லை. போகும்போதும் வரும்போதும் தலைக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பழக்கம் போலிருக்கிறது.

கோபம் மூன்று தடவைதான். டாக்டர் சந்தோஷப்படுவார்.

ஜூன் 13, வியாழன்

சின்னக் காரில் போனால் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது மறந்து போயிருந்தது. ஊருக்கு வெளியே ஒரு ஃபவுண்டரிக்குப் போகும் வழியில், ஹோப் காலேஜ் சிக்னலில் பஸ் ஒன்று என் மேலேயே ஏறுவது போல் வந்து நின்றது. ஓர் ஆட்டோ முன்னால் மூக்கை நுழைத்தது. விமான நிலையம் தாண்டியதும் ஒரு பெரிய கறுப்பு வண்டி பின்னால் ஒட்டிக்கொண்டு விளக்கை அடித்து அடித்து ஒதுங்கச் சொன்னது.

ஒதுங்கினேன். அவன் முந்தினான். பிறகு நான் மிதித்தேன். அவன் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் போனேன், முகத்தைப் பார்ப்பதற்காக. இந்தச் சின்ன வண்டி எப்படி வந்தது என்று அவனுக்குப் புரியவில்லை. வாய் திறந்திருந்தது. நீலக் காரில்கூட இந்த சுகம் கிடைத்ததில்லை. அதைப் பார்த்தாலே தயாராகிவிடுவார்கள். இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஃபவுண்டரிக்கு இருபது நிமிடம் சீக்கிரம் போய்விட்டேன். டாக்டரிடம் போனில், புது வண்டியில் மனம் அமைதியாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஜூன் 16, ஞாயிறு

மாவு அரைத்தேன். மொட்டை மாடித் தொட்டியைக் கழுவ ஆள் வரவில்லை, நானே கழுவினேன். சம்யுக்தா காலையிலேயே தோழி வீட்டுக்குப் படிக்கப் போய்விட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் போகிறாள். கொண்டுபோய் விடுகிறேன் என்றால் பஸ்ஸே போதும் என்கிறாள். எந்தத் தோழி என்று தண்டபாணியிடம் கேட்டேன். பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டு, யாரோ கூடப் படிக்கிற பிள்ளை என்றார்.

முப்பது வருடமாக அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

ஜூன் 20, வியாழன்

வார்ப்பில் ஓட்டையோடு நாற்பது பம்ப் உறைகள் வந்தன. ஃபோர்மேன் பொன்னுச்சாமியிடம் கத்தினேன். நான் உள்ளே வந்தால் பட்டறையில் பேச்சு நிற்கிறது. முன்பு மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

அவள் ஏறிய பஸ்ஸைப் பின்தொடர்ந்தேன். வெள்ளை வண்டி இதற்குத்தான் வசதி, திரும்பிப் பார்த்தாலும் தெரியாது. ஏதோ ஒரு பையன் என்றுதான் நினைத்தேன். என்ன பேச வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

சூலூரில் இறங்கினாள். கடையில் ரொட்டியும் பழமும் வாங்கினாள். ஒரு சந்துக்குள் போனாள். லைன் வீடுகள், ஒரே சுவரில் ஆறு கதவு. நாலாவது கதவில் ஓர் ஆள் இரும்பு வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சம்யுக்தா அவர் பக்கத்தில் நின்று கையைப் பிடிக்காமல், பிடிக்கத் தயாராக மட்டும் இருந்தாள். அவர் பத்து அடி நடந்தார். திரும்பப் பத்து அடி.

அது ராக்கியப்பன். ஏப்ரலில் மோதிய அந்த வேனின் டிரைவர்.

வீட்டுக்கு வந்து தண்டபாணியைக் கேட்டேன். கத்தினேன் என்றுதான் எழுத வேண்டும். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நாந்தான் அனுப்புனேன் வாணி. ராத்திரி தூங்காம உக்காந்திருந்தா. போய்ப் பாத்துட்டு வான்னு மொத வாரம் நானே கூட்டிட்டுப் போனேன்.”

என் வீட்டில் இரண்டு பேர் எனக்கு எதிராக இருந்திருக்கிறார்கள். இரண்டு மாதமாக.

ஜூன் 24, திங்கள்

டாக்டர் ரூபாவதி நடந்ததை முழுதாக எழுதச் சொன்னார். ஒரு சின்ன விஷயம் என்று நான் சொல்லும்போதெல்லாம் மீன் தொட்டியைப் பார்க்கிறேனாம்.

ஏப்ரல் 14. திருப்பூரில் ஒரு கல்யாணம் முடிந்து நானும் சம்யுக்தாவும் நீலக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். கணியூர் சுங்கச்சாவடி தாண்டி ஒரு வேன் திடீரென்று என் வழிக்குள் வெட்டியது. நான் பிரேக் போட்டேன். அவன் கை காட்டவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. விளக்கை அடித்தேன், ஹாரன் அடித்தேன். நிறுத்துவான் என்று பார்த்தால் வேகத்தைக் கூட்டினான். என்னோடு போட்டி போட்டான். ஆறு கிலோமீட்டர். சம்யுக்தா வேண்டாம்மா என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். நீலாம்பூர் வருவதற்குள் முந்தி, அவனுக்கு முன்னால் போய்க் கொஞ்சம் பிரேக் போட்டேன். பாடம் கற்பிக்க. அவன் வண்டி இழுத்துக்கொண்டு போய் நடுத்திட்டில் மோதியது. என் வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

கொஞ்சம் இல்லை. முழுதாகத்தான் மிதித்தேன்.

சம்யுக்தா இறங்கி ஓடினாள். ஆம்புலன்ஸுக்கு அவள்தான் போன் செய்தாள். நான் குழந்தைவேலு மாமாவுக்குப் போன் செய்தேன். ஸ்டேஷனில் எழுதியது இதுதான்: வேன் டிரைவர் தூக்கக் கலக்கத்தில் தானாகவே மோதினார், அருகே சென்ற இரு பெண்கள் உதவினார்கள். சம்யுக்தாவைக் கேட்டபோது, போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் தெரியாது என்றாள். அப்படிச் சொல்லச் சொன்னவர் வக்கீல். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். உதவியதற்கு அந்த எஸ்.ஐ. எங்களுக்கு நன்றி சொன்னார்.

கை வலிக்கிறது. போதும்.

ஜூன் 27, வியாழன்

ராக்கியப்பனைப் பார்க்கப் போனேன். என் மகளை இந்த விஷயத்தில் இழுக்காதீர்கள் என்று சொல்லத்தான் போனேன். உண்மையைச் சொன்னால், அவர் எப்படி ஓட்டினார் என்று அவரிடமே கேட்கவும் போனேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பிலிருந்து முழங்கால் வரை கம்பி வைத்திருக்கிறார்கள். என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே, நீங்கள் வெட்டியதால்தான் எல்லாம் ஆரம்பித்தது என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“உங்க வண்டி பின்னால வந்ததே எனக்குத் தெரியாதுங்க. ரோட்டுல ஒரு பள்ளம் கெடந்துச்சு, ஒதுங்குனேன். அப்புறம் பாத்தா ஒரு வண்டி லைட்ட அடிச்சுட்டுத் தொரத்துது. எதுக்குன்னு தெரியல. யாரோ அடிக்க வர்றாங்கன்னு பயந்துதான் மிதிச்சேன்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“மில்லு ஆளுங்களத்தான் ஏத்தி எறக்கறேன். முப்பது வருசம். ஒரு நாள் ஒருத்தருக்குக் காயம் பட்டதில்ல. தூங்கிட்டேன்னு எழுதி வெச்சுட்டீங்க. காலு போனாப் போகுது. இனி எவன் எங்கையில வண்டி குடுப்பான்?”

வாசலுக்கு வந்த பிறகு பின்னாலிருந்து அவர் சொன்னது: “உங்க புள்ள வர்றா. வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. நீங்க வராதீங்க.”

திரும்பும் வழியெல்லாம் அந்தப் பள்ளத்தின் மேல் கோபமாக இருந்தது.

ஜூலை 1, திங்கள்

எழுதியதை மாற்றிக் கொடுக்க முடியுமா என்று குழந்தைவேலு மாமாவிடம் கேட்டேன். பைத்தியமா என்றார். கேஸ் என் மேல் திரும்பும், லைசென்ஸ் போகும், பொய் சொன்னதற்குத் தனியாக விசாரிப்பார்கள், அவர் பெயரும் கெடும். உன் மகளின் பெயரும் வரும் என்றார். அந்தக் கடைசிச் சொல்லை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். வசதியான சொல்.

ஜூலை 3, புதன்

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

சம்யுக்தாவை நானே சூலூரில் விடுகிறேன் என்றேன். யோசித்து, சரி என்றாள். அது பெரிய விஷயம், எனக்குத் தெரியும். ஒண்டிப்புதூர் வரை ஒழுங்காகத்தான் ஓட்டினேன்.

அதற்குப் பிறகு ஒரு சாம்பல் நிற வண்டி இடது பக்கமாக முந்தி என் முன்னால் நுழைந்தது. உள்ளே நாலு இளைஞர்கள். பின் சீட்டில் இருந்தவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். சிரித்தானா, இல்லை சும்மா திரும்பினானா, இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இருகூர் பிரிவு வருவதற்குள் நூற்று முப்பதில் அவர்களைத் தாண்டியிருந்தேன். சம்யுக்தா கத்தவில்லை. அதனால் எனக்கு நினைவே வரவில்லை, அவள் பக்கத்தில் இருப்பது.

“வண்டிய நிறுத்துங்கம்மா” என்றாள்.

நிறுத்தினேன். பெல்ட்டைக் கழற்றினாள்.

“இது சின்ன வண்டி இல்ல. தெரிஞ்சுதான வாங்குனீங்க?”

நாலே கால் மீட்டர் என்ற பதில் என் வாய்க்குள் இருந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

முதல் கியரில் பின்னாலேயே போனேன். இருநூறு குதிரை சக்தி கொண்ட எஞ்சின், நடக்கிற பெண்ணுக்குப் பின்னால். சூடேறி விசிறி ஓடியது. எல்லோரும் ஹாரன் அடித்தார்கள், ஒருவர் ஜன்னல் வழியாகக் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஜன்னலை ஏற்றக்கூடத் தோன்றவில்லை. அடுத்த நிறுத்தத்தில் டவுன் பஸ் வந்தது, ஏறிவிட்டாள். பஸ்ஸின் பின்னாலேயே போனேன். அது ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. ஆளே இல்லாத இடத்திலும் நின்றது. நான் வாழ்க்கையில் ஒரு பஸ்ஸை முந்தாமல் சூலூர் வரை போனது இன்றுதான்.

சந்து முனையில் ஒன்றரை மணி நேரம் வண்டிக்குள் இருந்தேன். உள்ளே போகவில்லை, வராதே என்று சொல்லியிருக்கிறாரே. சம்யுக்தா திரும்பி வந்தபோது என்னைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் வந்து குனிந்தாள். கண் சிவந்திருந்தது.

“நீங்க வந்து பேசுனீங்களாமே. பள்ளத்தப் பத்திச் சொன்னாராமே.”

ஆமாம் என்றேன்.

“தெரிஞ்சு பத்து நாள் ஆச்சு. அப்பவும் இன்னைக்கு அந்த வண்டியத் தொரத்துனீங்க.”

இதற்கு முன் என்னிடம் இந்தக் குரலில் யாரும் பேசியதில்லை. பேச விட்டதில்லை. திட்ட வேண்டும் என்று வந்தது. ஆத்திரம்தான். யார் மேல் என்றுதான் புரியவில்லை. நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று சொன்னது என் வாய்தான்.

“நானும் வர்றேன். நான் சொன்னதும் பொய்தான்” என்றாள். பிறகு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

ஜூலை 8, திங்கள்

தண்டபாணி, சம்யுக்தா, நான். மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். வெள்ளை வண்டி போர்டிகோவில் நிற்கிறது. இம்தியாஸிடம் இனி அதை எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். இன்னொரு வண்டி காட்டுவார். காட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்ஸ்பெக்டர் முதலில் நாங்கள் வேறு ஏதோ புகாரோடு வந்திருக்கிறோம் என்று நினைத்தார். நான் சொன்னேன். நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னார். துரத்தியது, முந்தியது, முழுதாகப் பிரேக் போட்டது. தண்டபாணி சுவரோரம் நின்று என் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சம்யுக்தா சொன்னதைத் தனியாக எழுதிக்கொண்டார்கள். போனைப் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் பார்த்தேன் என்று அவள் சொன்னபோது எனக்குக் காதை மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வேண்டாம்மா என்று இரண்டு மூன்று தடவை சொன்னதாக நான் எழுதியிருக்கிறேன். அவள் ஒன்பது தடவை என்றாள். எண்ணியிருக்கிறாள்.

என் மேல் வழக்குப் பதிவாகிறது. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே வருவதற்குள் குழந்தைவேலு மாமாவின் போன். குடும்ப மானம் என்றார், தம்பி பெண்டாட்டிக்கு மூளை இல்லை என்றார். நானும் பதிலுக்குப் பேசினேன். ஸ்டேஷன் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

பஸ் நிறுத்தத்தில் சம்யுக்தா ராக்கியப்பனுக்குப் போன் செய்து, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். அம்மா எல்லாம் சொல்லிவிட்டதாகவும் போலீஸில் எழுதி வாங்கிக்கொண்டதாகவும் சொன்னாள். அந்தப் பக்கம் லைன் வீடுகளின் இரைச்சல். குழந்தை அழுவதும் குக்கர் விசிலும் கேட்டன.

“தூங்கலைன்னு எழுதியிருக்குதா?” என்றார்.

“எழுதியிருக்குதுண்ணா. நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

“சரிம்மா” என்றார். போனை வைத்துவிட்டார்.

எனக்கென்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேஸை என் தலையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன், ஒரு வார்த்தைகூட இல்லையே என்று தொண்டை வரை வந்தது. சம்யுக்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழுங்கினேன்.